முற்றத்துப் பறவைகளுக்கும் சேர்த்து அப்பா வைத்த நேர்த்தி

ஓலைத்தொடுவாய்,
மன்னார்.
தபசு காலத்து மூன்றாம் ஞாயிறு.

அன்பு மகள் டிலோஜினிக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கே அப்பாவும் நானும் முற்றத்துக்கு வந்து போகிற மற்றச் சனமும் மடு மாதாவின் காவலில் சுகமாக இருக்கிறோம், பூனையை மட்டும் கேட்காதே, அதைப் பிறகு சொல்கிறேன். அங்கே நீயும் மருமகனும் உன் வயிற்றில் இருக்கிற என் செல்வமும் அதே காவலில் இருக்க வேண்டும் என்று விடிய எழும்பினதும் முதல் வேலையாகக் கும்பிடுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். போன் கோலில் கதைத்தால் அப்பா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு சொல் விடாமல் பொறுக்குவார், வாட்ஸ்அப்பில் எழுதினால் என் கண்ணாடியையே எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து வாசிப்பார். அதனால் உன் சித்தப்பாவின் மகள் றொஷேல் அங்கே வருகிறபோது கொண்டு வருகிற ஒடியல் மாப் பொதிக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். கடிதத்தில் ஒட்டியிருக்கிற மாவையும் தட்டி எடுத்துக்கொள், நல்ல மா.

போன கிழமை நீ கோல் எடுத்து, பிள்ளையின் தலை கீழே திரும்பிவிட்டது, எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னாய். அதற்கு முன் கொஞ்ச நாளாக உன் கோல் வந்தாலே கிணற்றடிக்கு ஓடிக்கொண்டிருந்த மனிதன் அன்றைக்கு வந்து என் கையிலிருந்து போனைப் பறித்து, "அங்க குருவி வருதா பிள்ளை?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நீ, "நான் பிள்ளை பெறப் போறன், நீங்கள் குருவியைக் கேக்கிறீங்கள், ரிக்கெற் போட்டுத் தாறன் எண்டும் வரமாட்டன் எண்டிட்டீங்கள், உங்களுக்கு என்னைவிடக் குருவி பெரிசாப் போச்சு" என்று அழுதுகொண்டு வைத்துவிட்டாய். அப்பா போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரை ஏசவில்லை, என்னால் ஏச முடியாமல் போனது எனக்கே புதினமாக இருந்தது. உனக்கு நான் ஒரு நியாயம் சொல்ல வேண்டும் மகள், ஆனால் அந்த நியாயத்தை எழுதப் பேனையை எடுத்தால் கை கூசுகிறது, அவ்வளவு விசர்க்கதை.

முழங்கால் பழுதாகி அப்பா கடல் தொழிலுக்குப் போவதை விட்ட பிறகு முற்றத்தில் என்ன செய்கிறார் என்று உனக்குத் தெரியும். வளவின் கடல் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பழைய வள்ளம்தான் சாப்பாட்டு மேசை. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் ஊர்ச்சனம் மட்டும் வரும், காகம், மைனா, புலுனி, கிளி, பின்கழுத்தில் கறுப்புக் கோடு போட்ட புறா, மேலே வட்டம் போடுகிற பருந்து. வாடைக் காற்று தொடங்கினதும் குளிர்நாடுகளில் இருந்து கடற்காகங்கள் வந்து சேரும், அதற்குப் பிறகு மேசையில் இடம் கிடையாது. கரையில் மீன்வாடியில் இருந்து மீன் தலையும் குடலும் வாளியில் வாங்கி வந்து தகரப் பேணியில் கரண்டியால் தட்டுவார், எல்லாம் வந்து இறங்கும். முதல் ஆளாக வந்து, கோயில் மூப்பரைப் போல யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நடக்கிற காகத்துக்கு மூப்பர் என்று பெயர். மற்றவர்களின் வாயிலிருந்து பங்கு பறிக்கிற பருந்துக்குக் கொமிசன் என்று பெயர். ஒரு கால் இல்லாத கடற்காகம் ஒன்று, நீ கலியாணம் முடித்துப் போன வருடம்தான் முதன்முதல் வந்தது, அதற்கு நோர்வே என்று பெயர். அது உன் பக்கத்தில் இருந்துதான் வருகிறது என்று அப்பா சத்தியம் பண்ணுவார். அது வேறு திசையாக இருக்கும் என்று பக்கத்து வளவு றொசாந்தன் சொன்னதற்கு அவனோடு கன நாள் கதைக்காமல் திரிந்தார்.

இனித்தான் கதை. மழைக்கு முன்னர் நீ மூன்றாம் மாதம் என்று சொன்னாய் அல்லவா, முதல் இரண்டும் வயிற்றில் தங்காமல் போனதை நினைத்து நான் ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அப்பா மறுநாளே உடுப்பை மாற்றிக்கொண்டு மடுக் கோயிலுக்குப் போக வெளிக்கிட்டார், நானும் போனேன். வழக்கமாக மெழுகுதிரி கொளுத்தி முழங்காலில் நின்று வாய்க்குள் முணுமுணுப்பார், அன்றைக்கு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "அம்மா, என்ர பிள்ளையின்ர பிள்ளை நல்லபடியாப் பிறந்து அழுற சத்தம் கேக்குமட்டும், என்ர கையால சாப்பிடுற ஒருத்தரும் மீன் மச்சம் தொடாயினம்." எனக்குச் சரியான கோபம், என்னையும் கேட்காமல் என் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டாரே என்று. வெளியே வந்து கேட்டேன், நீங்கள் மட்டும் விட்டால் போதாதா என்று. "ரெண்டு முறை நான் மட்டும்தான் விட்டனான் றஞ்சிதம், காணேல்லைப்போல, இந்தமுறை பெரிசாக் குடுக்கோணும் எண்டு வாயில வந்திட்டுது" என்றார்.

பஸ் மன்னார்ப் பாலத்தில் ஏறும்போது ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்காகம் பறந்து வந்தது. அந்த வருடம் நான் கண்ட முதலாவது. அப்பா அதைப் பார்த்தார், அவருடைய முகம் மெல்ல மெல்ல வெளிறினது. "இஞ்சேர், இவையளும் என்ர கையாலதானே சாப்பிடுறவை" என்றார். நான் சிரித்தேன், பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சரி, அப்படியென்றால் இனிச் சாப்பாடு போடாமல் விடுங்கோ, கணக்குச் சரியாகிவிடும் என்றேன். அதற்கு அவர், வாக்குக் கொடுத்த அன்றைக்கே வாசலில் நிற்கிறவனைக் கலைத்துவிட்டு வாக்கைக் காப்பாற்றுவது கள்ள வேலை என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மகள், நம் முற்றத்தில் காகம், பருந்து, கடற்காகம், பூனை எல்லாம் சைவம்.

புறாவுக்கும் கிளிக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை, அவை பிறவியிலேயே பக்தியானவை. மூப்பர் சோற்றையும் பருப்பையும் தின்றுவிட்டு அப்பாவைப் பார்த்த பார்வையை நீ கண்டிருக்க வேண்டும். கடற்காகங்கள் வள்ளத்தில் வரிசையாக இருந்து வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, குசினியில் வேறு வாளி இருக்கிறதாக்கும் என்று காத்திருந்தன. அப்பா கோதம்பமாவைக் குழைத்துச் சூடை மீன் மாதிரி உருட்டி, கரண்டி நுனியால் செதில் கீறி, கடுகில் கண் வைத்து, மஞ்சள் தடவிப் பொரிக்கச் சொன்னார். கொமிசன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்துக் கடித்துப் பார்த்துவிட்டுப் போட்டது, கூரையில் ஓடு உடைந்தது. சோயா மீற்றை மீன்குழம்புச் சரக்குப் போட்டு வைத்தோம், அதைக் காகமும் தொடவில்லை, நான்தான் தின்றேன். கடைசியில் ஒரு நாள் எங்கள் காலைச் சாப்பாட்டு இடியப்பம் ஒன்று தவறி விழ, நோர்வே ஒற்றைக் காலில் துள்ளி வந்து அதை ஒரே இழுவையில் விழுங்கினது. புழு என்று நினைத்ததோ என்னவோ. அப்பா எழும்பி நின்று கைதட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி நான் கடற்காகத்துக்கு இடியப்பம் பிழிகிறேன், உன் கலியாண வீட்டுக்கும் நான் இவ்வளவு பிழிந்ததில்லை. இனிப் புரிகிறதா, ஏன் நாங்கள் இரண்டு பேரும் அங்கே வரவில்லை என்று. அப்பா இல்லாவிட்டால் அவர் கையால் சாப்பிட்டதுகளைக் கண்காணிக்க ஆள் இல்லை, நான் இல்லாவிட்டால் இடியப்பம் இல்லை. உன் மாமி பக்கத்தில் இருக்கிறா என்ற ஒரே தைரியத்தில் இருக்கிறேன்.

பூனை இரண்டு நாள் பருப்புச்சோற்றை மணந்து பார்த்துவிட்டு றொசாந்தன் வீட்டுக்குக் குடிபோய்விட்டது. அப்பா அதைப் பற்றி, வீட்டைவிட்டு ஓடின பிள்ளையைப் பற்றிக் கதைக்கிற மாதிரித்தான் கதைக்கிறார். கொமிசனும் மற்றப் பருந்துகளும் அதே வீட்டில்தான் போய் விழுந்தன, அவன் காயப் போட்ட கருவாட்டில். அவன் ஓடி வந்து, "பெரியப்பா, உங்கட பருந்து என்ர கருவாட்டைக் கொண்டுபோகுது" என்றான். அப்பா மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், "திண்டதோ, இல்லாட்டிக் கொண்டுமட்டும் போனதோ?" என்று கேட்டார். தின்றது என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். அதற்குப் பிறகு பல நாள் பின்னேரம் கரைக்குப் போய், வலை தட்டுகிற இடத்தில் நின்று, நம்முடைய முகங்களைத் தேடிப் பிடித்துப் புத்தி சொல்லிக் கலைத்துக்கொண்டிருந்தார். வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டிமார் முதலில் சிரித்தார்கள், பிறகு காரணம் தெரிந்து, தாங்களும் சேர்ந்து கலைத்தார்கள். தை மாதம் ஒரு கலியாண வீட்டுக்குப் பாலத்தால் போனபோது தண்ணீர் முழுக்கப் பூநாரை நின்றது, சனமெல்லாம் படம் எடுக்க, உன் அப்பா மட்டும், இவை நம் வீட்டுக்குச் சாப்பிட வராதது பெரிய உபகாரம் என்று சிலுவை போட்டார்.

இதைப் பார்க்க முடியாமல் நான் கோயிலுக்கு வந்திருக்கிற புதுச் சுவாமியிடம் போய்ச் சொன்னேன். அவர் வீட்டுக்கே வந்தார். வாக்கு மனிதனை மட்டும்தான் கட்டும், பறவையைக் கட்டாது என்று வடிவாக விளக்கினார். அப்பா, "அது உங்களுக்கும் எனக்கும் விளங்குது சுவாமி, ஆனா மாதாவிட்டச் சொன்னது ஒருத்தரும் எண்டல்லோ" என்றார். சுவாமி பொறுமையாக, அப்படியென்றால் நேர்த்தியை மாற்றித் தருகிறேன், பதிலுக்கு ஏழைகளுக்குச் சோறு கொடுங்கோ என்றார். அப்பா யோசித்துப் பார்த்துவிட்டு, "சோறு குடுத்தா அவையளும் என்ர கையால சாப்பிட்டவையாயிடுவினமே" என்றார். சுவாமி களைத்துப்போனார், பாவம், அப்பா நீட்டின கோப்பையில் இருந்த இடியப்பத்தையும் சொதியையும் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் அவருக்கு விளங்கினது. கோயில் பெருநாள் விருந்தில் அப்பா எதிர்வரிசையில் இருந்து பார்த்த பார்வையில், சுவாமி கையில் எடுத்த நண்டுக்காலைத் திருப்பி வைத்துவிட்டுப் பருப்பை வாங்கினார். அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் நம் வீட்டில் ஒரு பிஸ்கற்றும் எடுப்பதில்லை, படலையில் நின்று கதைத்துவிட்டுப் போகிறார்கள்.

எருக்கலம்பிட்டியில் இருந்து நண்டும் மீனும் எடுக்க வருகிற றிபாத்தை உனக்கு நினைவிருக்கும், உன் கலியாணத்துக்குப் பெரிய பெட்டி றால் கொண்டுவந்தவர். அவர் ஒன்றும் தெரியாமல் ஒரு விடியப்புறம் வந்து அப்பா கொடுத்த புட்டைச் சாப்பிட்டுவிட்டார். பிறகு நான் விசயத்தைச் சொல்லி, நீங்கள் இதை எண்ணாதேங்கோ தம்பி என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "டிலோ எனக்கும் தங்கச்சி மாதிரித்தான் அக்கா, நிய்யத்து வெச்சா வெச்சதுதான்" என்றார். நிய்யத்து என்றால் அவர்களுக்கு நேர்த்தி மாதிரி. மகள், மீன் வியாபாரி மீன் தின்னாமல் திரிகிறார். இப்போது அவர்களுக்கு நோன்பு, நோன்பு திறக்கிற கஞ்சியிலும் இறைச்சி போடவிடுவதில்லையாம், அவருடைய மனைவி அப்ரா என்னோடு கோலில் கதைத்து, "ஒங்கட மகளுக்கு எப்பதான் தேதி?" என்று கேட்டா. கோபமாகத்தான் கேட்டா, பிறகு அவவே உனக்காக துஆ கேட்கிறதாகவும் சொன்னா.

இதுவரைக்கும் சிரி. நானும் சிரித்தேன்.

மாசி மாதக் கடைசியில் நோர்வேயின் செட்டையில் தங்கூசித் தூண்டில் நூல் சுற்றி, பறக்க முடியாமல் கரையில் கிடந்தது. அப்பா தூக்கி வந்து நூலை வெட்டி, காயத்துக்கு மஞ்சள் போட்டு, வள்ளத்துக்குக் கீழே ஓலைக் கடகத்தால் மூடி வைத்தார். முன்பென்றால் நம் வீட்டில் இடியப்பத்தைத் தின்றாலும் கடலில் போய் அது தன் அலுவலைப் பார்த்திருக்கும், அப்பாவுக்கும் அது தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். இப்போது அது அவர் கையை மட்டும் நம்பிக் கிடந்தது. இடியப்பத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பினது. பிறகு முகத்தைத் திருப்பவும் சத்து இல்லை, கழுத்து மடிந்துபோய்க் கிடந்தது. மற்றவை போவதற்கு ஆயத்தமாகிக் கரையில் கூடிக் கத்திக்கொண்டிருந்தன. றொசாந்தன் வந்து பார்த்துவிட்டு, "மீன் குடுக்காட்டி இது செத்துப்போம் பெரியப்பா, என்னட்டத் தாங்கோ, நான் குடுக்கிறன்" என்றான். அப்பா மாட்டேன் என்றார், என் கையால் சாப்பிட்டது என் வாக்குக்குள்தான், ஆளை மாற்றி மாதாவை ஏய்க்க முடியாது என்றார். எனக்கு வந்த கோபத்தில் அகப்பையை எறிந்தேன். கரையில் மீன் சுட்டுச் சீடருக்குக் கொடுத்தவர்தானே அவவின் மகன், அவ மீனுக்காகக் கோபிப்பாவா என்று கத்தினேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, "வாக்குப் பிழைச்சா ஆர் றஞ்சிதம் தாங்கிறது, பிள்ளையல்லோ தாங்கோணும்" என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் நான் வேலிக்கு இந்தப் பக்கம் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றேன், அவர் என்னைக் காணவில்லை. றொசாந்தனின் வள்ளத்தில் போய் ஒரு சூடையை வாங்கி வந்தார். நேர்த்தி வைத்த நாளில் இருந்து அவர் மீனைக் கையால் தொட்டது அன்றைக்குத்தான். கடகத்துக்கு முன்னால் அந்தப் பழுதான முழங்காலை மடக்கி இருந்தார், மடுப் பக்கம் திரும்பினார். "அம்மா, வாக்கு என்ர வாக்கு, இந்தச் சீவன் ஒண்டும் அறியாது. பிள்ளை பிறந்தாப் பிறகு எல்லாரும் தின்னட்டும், நான் சாகுமட்டும் தொடன், இதுக்கு அது சரியெண்டு எடுங்கோ, பிள்ளையில மட்டும் கை வையாதேங்கோ" என்றார். சொல்லிவிட்டு மீனை நோர்வேயின் வாய்க்குள் வைத்தார். அது முழுசாக விழுங்கினது. அவரால் எழும்ப முடியவில்லை, வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். நான் போய்த் தூக்கவில்லை, போனால் கேட்டுவிட்டேன் என்று தெரிந்துவிடும். ஈர உடுப்பைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன்.

அன்றைக்குத் தொடங்கினதுதான் கிணற்றடி ஓட்டம். உன் கோல் வந்தால் கெட்ட செய்தி என்று பயந்து ஓடிப்போய் வாளியில் தலையை வைக்காத குறையாகத் தண்ணீர் அள்ளிக்கொண்டு நிற்பார். தலை திரும்பிவிட்டது, எல்லாம் நல்லபடி என்று நீ சொன்னதைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டபோதுதான் வந்து போனைப் பறித்தார். வாயில் வந்தது குருவி மட்டும்தான். அதற்குத்தான் நீ அழுதாய். உன்னில் பிழை இல்லை, இந்தக் கோலத்தை எந்தப் பிள்ளை விளங்கும்.

அவர் இதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்றார், வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு நேர்த்தியைச் சொன்னால் பலிக்காதாம். அப்படி ஒரு சட்டமும் இல்லை என்று சுவாமி எனக்குச் சொல்லித்தான் எழுதுகிறேன். நீ பயப்படாதே, மாடிப்படியைக் கவனமாக இறங்கு, குளிர்தண்ணீர் குடியாதே, மாமி தருகிற கசாயத்தைச் சிங்கில் ஊற்றாமல் குடி. நோர்வே நேற்றுக் கூரை வரைக்கும் பறந்து, உடைந்த ஓட்டில் இருந்து எங்களைப் பார்த்தது. மற்றவை போகத் தொடங்கிவிட்டன. அது செய்தி கேட்காமல் போகாது என்கிறார் அப்பா, நான் ஓம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பிள்ளை பிறந்ததும் முதலில் றிபாத்துக்கு எடுக்கச் சொல்லி மருமகனிடம் நம்பரைக் கொடு. அவர் றாலைப் பொரித்து வைத்துக்கொண்டு இருப்பாராம், ஆறவிடக் கூடாது. பிறகு சுவாமிக்கு. எங்களுக்குப் பிறகு எடுத்தால் போதும், அப்பா அழுது முடிக்க நேரம் எடுக்கும். நீங்கள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இங்கே வருகிற அன்றைக்கு விளைமீன் வாங்கி நல்ல குழம்பு வைப்பேன், நீ நன்றாகச் சாப்பிடு. அப்பாவின் கோப்பையில் பருப்பைப் பார்த்தால் ஏன் என்று கேட்காதே. வயது போக மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லுவார், நீயும் நம்பின மாதிரி இரு, நானும் அப்படித்தான் இருக்கப் போகிறேன்.

தாயும் பிள்ளையுமாக மாதா உங்களை இரண்டு உயிராக்கி என் கையில் தரட்டும். அந்தோனியார் கூடவே நிற்கட்டும், மருமகனுக்கும் என் ஆசீர்வாதம்.

ஒன்றை மறக்காதே. இந்தக் கிழமைக்குள் அப்பாவுக்கு ஒரு கோல் எடு. அவர் என்னத்தைக் கேட்கப் போகிறார் என்று உனக்குத் தெரியும். அதற்கு முன் ஜன்னல் வெளிக்கட்டில் ஒரு துண்டு மீன் வைத்துவிடு, உன் கையால் வைத்தால் ஒருவருக்கும் தடை இல்லை. அவர் கேட்டால், "ஓம் அப்பா, வருது" என்று சொல்லு.

உன் அம்மா,
எமிலியானுஸ் றஞ்சிதம்.